வேனுக்கு முன்னால்

பர்மாவிலிருந்து ஓடிவந்திருந்த ருக்கையாவின் குடும்பத்தைத் திருப்பி அனுப்புவதற்காகப் போலீஸ் வேனில் ஏற்றியபோது, அவளோடு பத்தாம் வகுப்பில் படித்த பெண்கள் சீருடையோடு ஓடிவந்து வேனுக்கு முன்னால் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைக் கூட்டி வந்தவள் இளமதி. அந்தக் குடும்பம் இந்தத் தெருவில் இருக்கக் கூடாது என்று ஸ்டேஷனில் புகார் கொடுத்தவர் அவளுடைய அப்பா.

இன்ஸ்பெக்டர் பிள்ளைகளைத் தொடவில்லை. வீடுகளுக்குப் போன் போட்டார்.

அம்மாக்கள் வந்தார்கள். "அவங்க யாரு, நாம யாரு? உனக்கெதுக்குடி இந்த வேலை?" என்று சடையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். ஒருத்தி எழும்போதெல்லாம் மிச்சமிருந்தவர்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். கடைசியில் இளமதி மட்டும் இருந்தாள்.

"போதும்டி, போயிடு. உங்கப்பா அடிப்பாரு" என்றாள் ருக்கையா, வேனின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அப்பா அடிக்கவில்லை. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "எந்திரிம்மா. வீட்ல பேசிக்கலாம்" என்றார்.

"இங்கயே பேசுங்கப்பா. புகார் எழுதிக் கொடுத்தது நீங்கதான்னு அவகிட்ட சொல்லுங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார். ருக்கையா பழக்கத்தில், "வாங்க அங்கிள்" என்றாள்.

அவர் குனிந்து, குழந்தையைத் தூக்குவதுபோல இளமதியை அள்ளித் தூக்கி ஓரத்தில் நிறுத்தினார். வேன் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் அவர் அவள் கையை விடவில்லை.

"விடுங்கப்பா."

"விட்டா எங்கடி போவ?" என்றார்.