டீசல் முள்

“முள் சரியாத்தான் காட்டுது சார். வேன் பழசானாலும் டேங்க்குள்ள மிதவை, ஒயர் எல்லாமே நல்லா இருக்கு,” என்றார் மெக்கானிக்.

“இல்லண்ணே, கோளாறு இருக்கணும். இன்னொரு தடவை பாருங்க,” என்று கெஞ்சினார் வேன்காரர்.

மெக்கானிக் டேங்க்கைக் காலி செய்துவிட்டு, டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். முள்ளும் கூடவே ஏறியது.

“பாருங்க, பிசகாம ஏறுது. ஏன் சார் முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு?”

அதற்குள் வாசலில் காத்திருந்த வேன்காரரின் மகள் உள்ளே வந்தாள்.

“முள்ளுதானேப்பா கோளாறு? பாதி டேங்க் காட்டுச்சுன்னு சொன்னீங்களே? ஆஸ்பத்திரிக்குப் போற வழியில டீசல் தீர்ந்து நிக்காம இருந்திருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்க.”

அன்றைக்கு வேன்காரர் முள்ளைப் பார்க்கவே இல்லை.

மெக்கானிக் அவரை ஒரு கணம் பார்த்தார்.

“ஆமாம்மா, முள்ளுதான் ஏமாத்திடுச்சு.”

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “விடுங்கப்பா, உங்க மேல தப்பில்லை.”

அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை.