ஒதுங்கும் நாட்கள்

"கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்தது?" என்று கேட்டார் டாக்டரம்மா. தூக்கம் போய், காரணமில்லாமல் நெஞ்சு படபடத்து, ஏசி அறையிலும் வியர்த்து உட்கார்ந்திருந்த பாகீரதி வாய் திறக்குமுன் கணவர் முந்திக்கொண்டார். "போன வாரம்தான் டாக்டர். வழக்கம்போல மூணு நாள் ரூமுக்குள்ளயே ஒதுங்கி இருந்தா. நான்தான் ஓட்டல்ல சாப்பாடு வாங்கிண்டு வந்தேன்."

உண்மையில் அது நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆபீஸ் விட்டு வந்ததும் அடுப்பு, அதை அணைத்தால் மாமியாரின் படுக்கை என்று ஓடுகிறவளை வீட்டில் யாரும் கூப்பிடாத நாட்கள் அவை மட்டும்தான். கல்யாணமான புதிதில் அந்த அறையைச் சபித்து அழுததற்கெல்லாம் இப்போது வருந்துகிறாள்.

"மாசாமாசம் சரியா வருதா?" டாக்டரம்மா இம்முறை அவளையே பார்த்துக் கேட்டார்.

சொல்லிவிடலாம் என்றுதான் நிமிர்ந்தாள்.

"வரது டாக்டர்" என்றாள். "இப்பல்லாம் நாலு நாள் ஆயிடறது."