பதினேழாம் எண் தடி

அருவிக்கு ஏறுகிறவர்கள் பள்ளத்தாக்கின் வாசலில் எண் போட்ட மூங்கில் தடி வாங்கிப்போய், இறங்கியதும் திருப்பித் தரவேண்டும். ஆறு வருடத்துக்கு முன் திலகவதி பதினெட்டையும் அவள் கணவன் பதினேழையும் எடுத்துப் போனார்கள். அவள் மட்டும் இறங்கி வந்தாள். வருடந்தோறும் அவனைத் தேடி வருகிறவள் அதே பதினெட்டைத்தான் கேட்பாள். இன்று அதை எடுக்கத் திரும்பிய காவலர் பொன்னையா அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் பதினேழு சாய்ந்திருந்தது. நுனியில் சேறு காயவில்லை.

“யாருண்ணே கொண்டுவந்தது?”

“தெரியலம்மா. காலையிலருந்து யாரும் இறங்கலை.”

அவள் இரண்டையும் வாங்கிக்கொண்டு ஏறினாள். பொன்னையா பதிவேட்டில் அவள் பெயரை எழுதினார். எத்தனை பேர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தபடி, அவள் வளைவில் மறையும்வரை பார்த்திருந்தார். பிறகு, இரண்டு என்று எழுதினார்.