வானம்பாடிக்கு நிழல்

வெயிலில் அலகைப் பிளந்து மூச்சு வாங்கும் வானம்பாடியைப் படமெடுக்க, வற்றிய குளத்தின் நடுவே காலையிலிருந்து காத்துக் கிடந்தாள் பிலோமினா. கேமராவைத் தொட்டால் சுட்டது. கடைசியில் ஒரு வானம்பாடி வந்தது. அவள் லென்சைத் திருகத் திருக அது இன்னும் கிட்ட வந்து, அவளுடைய நிழலுக்குள் நுழைந்து, முழங்காலோரம் உட்கார்ந்துவிட்டது. அந்த நீள லென்சில் அவ்வளவு பக்கத்தில் இருப்பது வெறும் புகையாகத்தான் தெரிந்தது.

கரையிலிருந்து கணவன் சவரிமுத்து கத்தினான். "ஏட்டி, மயக்கம் வந்துரும். எந்திச்சு வா!"

அவள் எழுந்திருக்கவில்லை. வெயில் நகர நகர, பறவையின் மேல் படாதபடி தானும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தாள். கால் மரத்துப்போயிற்று. சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. அப்போது இன்னொன்றும் வந்து ஒண்டியது. அதன் வால் வெயிலில் கிடந்தது.

பிலோமினா தலைக்கு மேல் கையைக் குவித்துக் குடைபோலக் காட்டினாள்.

சவரிமுத்து கையிலிருந்த குடையைக் கரையிலேயே விரித்தான். சத்தம் கேட்கக்கூடாதென்று செருப்பைக் கழற்றிவிட்டு, கொதிக்கும் தரையில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து அவள் முதுகோடு குந்தினான்.

"ஏட்டி, நாலு பேருக்கும் பத்துமா?" என்று அவள் காதில் கேட்டான்.