தங்காத கரண்ட்

"நேத்து கொடுத்த கரண்ட் எங்கய்யா?" போனில் இன்ஜினியர் கத்தினார்.

"சார், பல்பு எரியறதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் கிளம்பினேன்."

"ஊரே புகார் சொல்லுது. ஒரு நாள் முழுக்கப் புகார் வராம இருந்தாத்தான் நீ மலையை விட்டு இறங்கலாம். போய்ப் பாரு."

லைன்மேன் போனை வைத்தார். புயல் அடித்த நாள் முதல் மலை மலையாக ஏறிக் கம்பம் நட்டதில் தோளும் முழங்காலும் போட்டி போட்டு வலித்தன. இதுதான் கடைசி ஊர். இது முடிந்தால் வீடு.

வீடு என்றால் இப்போது மச்சான் வீடு. சொந்த வீட்டின் கூரையைப் புயல் கொண்டுபோயிருந்தது. "ஊருக்கெல்லாம் விளக்கேத்துறீங்க. இங்கே எங்க அண்ணி முகம் நாளுக்கு நாள் சுண்டுது. வந்து நம்ம வீட்டுக்கு ரெண்டு தகரமாவது போடுங்க" என்று மனைவி காலையில்தான் போனில் சொல்லியிருந்தாள்.

ஜீப் மறுபடி முகாமிலிருந்து அந்த ஊருக்கு ஏறியது.

நேற்றைப் போலவே கம்பியில் ஒரு பழுதும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில் ஃபியூஸ் கட்டைகளைத்தான் காணோம். யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்.

"அண்ணே, எனக்கு இந்த ஊர்க் கடைக்காரம்மா மேலதான் சந்தேகம்" என்றார் டிரைவர். "புயலுக்கப்புறம் மெழுகுவத்தி வியாபாரம் ஓகோன்னு நடக்குது. கரண்ட் வந்தா எவன் வாங்குவான்?"

லைன்மேனுக்கும் அப்படித்தான் பட்டது. புதுக் கட்டைகளைப் போட்டார். விளக்குகள் எரிந்தன. "நாங்க கிளம்பறோம்!" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அடுத்த வளைவிலேயே இறங்கி, குறுக்குப் பாதையில் திரும்பி நடந்தார்.

டிரைவர் சொன்னது சரிதான். காலில் ரப்பர் செருப்பு, கையில் உலர்ந்த கோணி. கடைக்காரம்மா கடைசிக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்கு உயிர் மேல ஆசையில்லையா? நாலு மெழுகுவத்தி விக்கறதுக்கு ஊரையே இருட்டுல போடுவியா?"

அவள் கட்டையைக் கோணியில் சுற்றிக்கொண்டாள். லைன்மேன் விடவில்லை. சத்தம் போட்டு ஊரைக் கூட்டினார்.

"பாருங்க, உங்க ஊர்த் திருட்டை! இந்தம்மாவால நீங்களும் இருட்டுல கிடக்கறீங்க, நானும் வீடு போய்ச் சேரலை!"

யாரும் அவளைத் திட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்த் தையல்காரர் முன்னால் வந்தார்.

"அவங்களைச் சொல்லாதீங்க சார். இன்னிக்கு அவங்க முறை. நேத்து என் முறை."

"முந்தாநாள் எங்க வீடு" என்றாள் பின்னாலிருந்து ஒரு கைக்குழந்தைக்காரி.

"முறை வெச்சுப் பிடுங்கறீங்களா? எதுக்கு?" என்றார் லைன்மேன்.

"உச்சியில ஏழு வீடு இருக்குங்க. புயல்ல அவங்க கம்பியும் அறுந்துபோச்சு" என்றாள் கடைக்காரம்மா. "அவங்களுக்கும் கம்பி இழுங்கன்னு நீங்க வந்த அன்னிக்கே கேட்டோம். உத்தரவு இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்னுட்டீங்க. சாய்ஞ்ச கம்பத்தையெல்லாம் அவங்களே தோள்ல சுமந்து நட்டுக்கிட்டு இருக்காங்க. இன்னும் ரெண்டுதான் பாக்கி. அது முடியறப்போ நீங்க இங்கே இருந்தா, இன்னொரு வாட்டி கேட்டுப் பார்க்கலாம். இறங்கிப் போயிட்டா யாரைக் கேக்கறது?"

"அதுக்காக நீங்க இருட்டுல கிடக்கணுமா?"

"நாங்க மட்டும் விளக்குப் போட்டா, அங்கேயிருந்து பளிச்சுன்னு தெரியும் சார்."

போன் அடித்தது. இன்ஜினியர்தான்.

"என்னய்யா, சரியாச்சா? நாளைக்கு இறங்கிடுவியா?"

லைன்மேன் உச்சியை நிமிர்ந்து பார்த்தார். அண்ணியின் சுண்டிய முகமும், அதைவிடச் சுண்டப்போகும் மனைவியின் முகமும் கண்முன் வந்துபோயின.

"இல்ல சார். கோளாறு எங்கேன்னே பிடிபடலை. உச்சி வரைக்கும் நடந்து பார்த்தாத்தான் தெரியும். ஒரு வாரம் ஆகும்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடைக்காரம்மாவிடம் கையை நீட்டினார்.

"அந்தக் கட்டையைக் கொடுங்கம்மா. கை தவறினா உயிர் போயிடும். நாளையிலேர்ந்து தினமும் என் முறை."