ரகசியம் பேசும் குழு

டிரம்மர் கதவில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். மூன்று பேரும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சாக்ஸபோன் வாசிக்கும் மச்சினன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னான். பியானோ டீச்சர் வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். ஆளுயர பாஸ் வயலினை வாசிக்கும் பாஸ்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அப்படி என்ன ரகசியம்?

அவர் கதவைத் தள்ளியதும் மூன்று வாயும் ஒருசேர மூடின.

"வாங்க மாமா," என்றான் மச்சினன், வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு.

"என்ன, மாநாடு பலமா இருக்கு?"

"சும்மாதான். நாளைக்கு நிகழ்ச்சி இருக்கில்ல, அதைப் பத்தி."

"அதுல நான் இருக்கேனா?"

டீச்சர் மட்டும் சிரித்தார். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

மெத்தைக் கடையின் மாடிதான் அவர்கள் பயிற்சி அறை. ஜாஸிலேயே அவர்களுடையது தனி ரகம். எழுதிவைத்த பாட்டு கிடையாது. ஒருவர் ஏதாவது ஆரம்பிப்பார்; மற்றவர்கள் அந்த நொடியில் தோன்றியதைச் சேர்ப்பார்கள். டீச்சர் பியானோ கம்பிகள்மேல் கரண்டிகளைப் பரப்பிவிட்டு வாசிப்பார். பாஸ்காரர் திடீரென்று டிபன் பெட்டி மூடியை வில்லால் தேய்ப்பார். எது தவறு, எது திறமை என்று சபைக்குப் பிடிபடாது.

போன நிகழ்ச்சிக்கு வந்த பத்திரிகை விமர்சகர் ஒருவருக்கு மட்டும் பிடிபட்டிருந்தது. 'மற்ற மூவரும் முடித்துவிட்ட பிறகும் தனியாளாக முழங்கிக்கொண்டிருந்த துணிச்சல்' என்று டிரம்மரை மட்டும் தூக்கிவைத்து எழுதியிருந்தார். அன்றிலிருந்துதான் இந்தக் குசுகுசுப்பு அதிகமானது. பொறாமை, வேறென்ன?

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. டிரம்மரை ஒரு வார்த்தை கேட்காமல் பாஸ்காரரின் இடத்தை மாற்றி, இவர் முதுகை உரசுவதுபோல் நிற்கவைத்திருந்தார்கள். மச்சினன் சபையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவரையே முறைத்தபடி வாசித்தான். டீச்சரோ தரை அதிரக் காலால் தட்டினார், தாளம் தெரியாத குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல.

வீட்டிலும் இதே கூத்துதான். நேற்று அவர் மனைவி சமையலறையில் நின்று, உதட்டை மட்டும் அசைத்துப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "யாரு?" என்று இவர் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். "தம்பி," என்றாள். அக்காவும் தம்பியும் ஒரே கட்சி!

வாசிக்கத் தொடங்கினார்கள். டிரம்மருக்கு மனம் ஒட்டவில்லை. நடுவில் மச்சினன் டீச்சர் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினான். டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. குச்சிகளை வீசி எறிந்துவிட்டு எழுந்தார்.

"போதும்! என் எடத்துக்கு யாரக் கூட்டிட்டு வரப்போறீங்க?"

"ஐயோ, என்ன மாமா பேச்சு இது?"

"என்னை அனுப்பணும்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு. அக்கா புருஷனாச்சேன்னு பாக்காத. நீ அந்தக் குழலத் தொடுறதுக்கு முன்னாடியே இந்தக் குழுவ ஆரம்பிச்சவன் நான். இதை விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது. அது உனக்கும் தெரியும்."

"உங்கள யாரும் அனுப்பல மாமா."

"அப்ப இவரு ஏன் என் முதுகுல ஏறி நிக்கிறாரு?"

பாஸ்காரர் தயங்கினார். "நான் வாசிக்கறது உங்ககிட்ட வந்து சேரணும்ல அண்ணே."

"ஏன், நான் என்ன அடுத்த ஊர்லயா உக்காந்திருக்கேன்?"

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீலிக்கண்ணீர் என்று நினைத்தார் டிரம்மர்.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் மாமா..." என்று ஆரம்பித்த மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். மீதி வார்த்தைகள் டிரம்மரின் காதில் விழவில்லை.

"வாயத் திறந்து பேசுடா! என் எதிர்லயே முணுமுணுப்பா?"

மச்சினன் நிமிர்ந்தான். அவன் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. "உங்களத் தவிர எங்களுக்கு வேற யாரும் வேண்டாம் மாமா!"

உண்மை பேசுகிறவனுக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று டிரம்மருக்குச் சந்தேகம் கூடியது.

அப்போது கதவு படாரென்று திறந்தது. கீழேயிருந்து மெத்தைக் கடைக்காரர் மூச்சிரைக்க ஏறி வந்திருந்தார். கடைவாசலில் நின்றே தெரு முழுவதற்கும் விலை சொல்லிப் பழகிய வெண்கலத் தொண்டை அவருக்கு. அந்தக் கட்டடத்தில் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிற ஒரே மனிதர் என்று டிரம்மருக்கு அவர்மேல் தனி மரியாதை. அவர் பேச்சில் மட்டும்தான் ஒரு எழுத்துகூடத் தப்பாது.

"நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார் டிரம்மர். "என்னை வெச்சுக்கிட்டே இவங்க என்ன ரகசியம் பேசறாங்கன்னு நீங்களே கேளுங்க."

டிரம்மரின் முதுகுக்குப் பின்னாலிருந்து டீச்சர் அவசரமாகக் கையை ஆட்டி வேண்டாம் என்றார். கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை. ஒன்றும் புரியாமல் நான்கு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரகசியமா? இவங்க வாசிக்கறதக்கூடப் பொறுத்துக்கறேன் சார், உங்ககிட்ட பேசறப்ப மட்டும் ஏன் எல்லாரும் இப்படித் தொண்ட கிழியக் கத்தறாங்க?"