கால் முறிந்த நண்டு

குருநகர்க் கரையில் காலை வெயில் ஏறுகிறது. கிறகோரி தான் பிடித்து வந்த நண்டுகளைத் தரம் பிரிக்கிறார். கால் முழுதாக இருப்பது கொம்பனி லொறியில் ஏறிச் சிங்கப்பூருக்குப் போகும், முறிந்தது ஊருக்கு. அரசாங்க மானியம் நின்று மண்ணெண்ணெய் விலை ஏறியதிலிருந்து மக்டலீனின் புருசன் படகை இறக்கவில்லை. வீட்டில் நாலு பிள்ளைகள். அவள் வெறும் வாளியோடு நிற்கிறாள். “கழிச்சது கிடக்கோ அண்ணை?” “இண்டைக்கு எல்லாம் முழுசு, பிள்ளை. இதிலை நாலு கொண்டு போ.” “வேண்டாம். சிங்கப்பூர்க்காரன்ரை சோத்திலை நான் கைவைக்கமாட்டன்” என்று சிரிக்கிறாள், ஆனால் நகரவில்லை. கிறகோரி முதுகைத் திருப்பிக்கொள்கிறார். ‘டக்’கென்ற சத்தம் நாலு தரம் கேட்கிறது. “இந்தா, உதுகள் முறிஞ்சு கிடக்கு. இனிக் கொம்பனிக்காரன் எடான்.” வாளிக்குள், முறிந்த இடங்களில் இன்னும் நீர் கசிகிறது. மக்டலீன் அதைப் பார்க்காதவள்போலச் சிலுவை போட்டுக்கொள்கிறாள்.